புதுப்பிப்பு: பூங்காக் கூட்டு முயற்சி மீண்டும் நகர்கிறது

உள்ளாட்சி மன்றம், குடியிருப்போர் சங்கம், ஒரு தொண்டு அமைப்பு மூன்றும் கைகோத்துத் தொடங்கிய பூங்காப் பராமரிப்பு, கூட்டம் போடுவதோடு நின்றுவிட்டது என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே வருத்தத்தோடு எழுதியிருந்தேன். ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கச் சொன்னீர்கள். படித்தோம். ‘இணைந்து செயல்படுவோம்’ என்று இருந்ததே தவிர, முடிவெடுப்பவர் யார், பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று ஒரு வரிகூட இல்லை.

புதிதாக இரண்டு பக்கம் எழுதினோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒருவரே பொறுப்பு. கருத்து வேறுபாடு வந்தால் யாரிடம் போவது என்பதும் அதில் இருக்கிறது. இவற்றைவிடப் பெரிய மாற்றம், வரவு செலவுத் திட்டத்தை முடித்துவிட்டுக் காட்டாமல், வரைவு எழுதும்போதே மன்றம் எங்களை உட்கார வைத்தது. 1969இல் அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்தார்; மேலே ஏற ஏற மக்களின் அதிகாரம் கூடும். கருத்துக் கேட்பது நான்காம் படி, கூட்டாண்மை ஆறாம் படி. இவ்வளவு காலமும் நான்காம் படியைத்தான் கூட்டாண்மை என்று அழைத்து வந்திருக்கிறோம்!

தீராத கவலை ஒன்று உண்டு. எங்களோடு பொறுமையாகப் பேசிய அதிகாரி இடம் மாறுகிறார். அவர் போவதற்குள் புதியவரையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தக் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் எழுதுகிறேன்.