ஜேயூனிட்டில் ஓடும் எக்ஸ்எம்எல் பார்சர், டாம்கேட்டில் ஏற்றினால் விழுகிறது. உதவி தேவை

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே. வங்கி அனுப்பும் கணக்கு அறிக்கை ஃபைலை வாங்கி, பிரித்து, டேட்டாபேஸில் போடுகிற ஒரு சர்வ்லெட் (வெப் ரிக்வெஸ்ட்டைக் கையாளும் ஜாவா கிளாஸ்) எழுதியிருக்கிறேன். ஃபைல் ஐஎஸ்ஓ 20022 என்ற நிதிச் செய்தித் தர வகை, அதில் கணக்கு அறிக்கைக்கான கேம்ட் 053 எக்ஸ்எம்எல். ஃபைலைப் பிரிக்கும் பார்சர் கோடு தனி மேவன் மாட்யூலில் இருக்கிறது, அதன் ஜாரை (தொகுத்த லைப்ரரி ஃபைல்) வார் (சர்வரில் ஏற்றும் முழுத் தொகுப்பு) மாட்யூல் எடுத்துக்கொள்கிறது. ஜாவா 17, சர்வ்லெட்டை ஓட்டும் சர்வர் டாம்கேட் 10.1.

பார்சர் மாட்யூலில் ஜேயூனிட் டெஸ்ட்கள் எல்லாமே பச்சை. ஆனால் வார் கட்டி டாம்கேட்டில் ஏற்றினால் முதல் ஃபைலிலேயே இல்லீகல்ஆர்கியுமென்ட்எக்செப்ஷன் வருகிறது, ஆக்சஸ்எக்ஸ்டெர்னல்டிடிடி என்ற ப்ராப்பர்ட்டியை அடையாளம் தெரியவில்லை என்கிறது. டாக்குமென்ட்பில்டர்ஃபேக்டரியில் செட்ஆட்ரிப்யூட் மூலம் அதை வெற்று ஸ்ட்ரிங்காக வைத்திருக்கிறேன், வெளியில் இருக்கும் டிடிடி (எக்ஸ்எம்எல் அமைப்பு விதிகள்) எதையும் போய் எடுக்கக் கூடாது என்பதற்காக. அதே கோடு, அதே ஜாவா, அதே ஃபைல். டாம்கேட்டுக்குள் போனதும் மட்டும் ஏன் இப்படி? திங்கட்கிழமை டெஸ்ட்டிங் குழுவிடம் கொடுக்க வேண்டும்.

சுக்குகாபி:
அந்த ஒரு வரியை கமென்ட் பண்ணிவிட்டுப் பாருங்கள், ஓடிவிடும். எங்கள் ப்ராஜெக்டில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீலமலை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த வரி சும்மா அழகுக்கு இல்லை. எக்ஸ்எம்எல் ஃபைலின் தலையில் ஒரு டாக்டைப் (டிடிடியை அறிவிக்கும் பகுதி) எழுதி, அதில் ஒரு என்டிட்டியை (வேறு உள்ளடக்கத்தைக் குறிக்கும் பெயர்) சர்வரில் உள்ள பாஸ்வேர்ட் ஃபைலின் பாதைக்குக் காட்டிவிட்டால், பூட்டு போடாத பார்சர் அந்த ஃபைலைத் திறந்து உள்ளடக்கத்தைக் கொண்டுவந்து உங்கள் டாக்குமென்டுக்குள் வைத்துவிடும். எக்ஸ்எக்ஸ்இ தாக்குதல் என்பது இதுதான். வங்கியிலிருந்து வருகிற ஃபைல்தானே, நம்பலாமே என்று நினைக்கலாம். ஆனால் சர்வ்லெட்டுக்கு அது யார் அனுப்பியது என்று தெரியாது, அந்த யூஆர்எல்லுக்கு வந்து சேர்கிற எதையும் அது பிரிக்கும். சுக்குகாபி, உங்கள் ப்ராஜெக்டிலும் அந்த வரியைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

தேரடி:
நீலமலை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இப்போது காரணத்துக்கு வருவோம். கோடும் ஜாவாவும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் பார்சர் ஒன்றில்லை என்றுதான் தோன்றுகிறது.

நியூஇன்ஸ்டன்ஸ் என்று கூப்பிடும்போது எந்த பார்சர் வேண்டும் என்று நீங்கள் சொல்வதில்லை, ஜாவா தானே தேடுகிறது. முதலில் சிஸ்டம் ப்ராப்பர்ட்டி, அப்புறம் ஜாவா கோப்புறையில் உள்ள ஜேஏஎக்ஸ்பி (ஜாவாவின் எக்ஸ்எம்எல் ஏபிஐ) ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல், அதற்கும் பிறகு கிளாஸ்பாத்தில் இருக்கும் ஜார்களின் மெட்டா-இன்ஃப் சர்வீசஸ் கோப்புறை. எங்கேயும் எதுவும் இல்லை என்றால்தான் ஜாவாவோடு வரும் சொந்த பார்சர். வாரின் வெப்-இன்ஃப் லிப் கோப்புறைக்குள் யாரோ அப்பாச்சி ஸெர்சஸ் என்ற வேறொரு பார்சரின் ஜாரைக் கொண்டுவந்து போட்டிருந்தால், அதன் மெட்டா-இன்ஃப்பில் "நான் இருக்கிறேன்" என்று பதிவு இருக்கும், டாம்கேட்டுக்குள் அதுதான் கிடைக்கும். உங்கள் ஜேயூனிட் ஓடும் மாட்யூலில் அந்த ஜார் இல்லை, அதனால் அங்கே ஜாவாவின் பார்சர்.

நீங்கள் வைக்கும் ப்ராப்பர்ட்டி ஜேஏஎக்ஸ்பி 1.5-இல் வந்தது, அதாவது ஜாவா 7-இன் 40-வது அப்டேட்டில், 2013-இல். ஜாவாவின் பார்சருக்கு அது தெரியும். தனியாக வரும் அப்பாச்சி ஸெர்சஸுக்கு, 2.12 வரிசையில்கூட, தெரியாது. தெரியாததை வைத்தால் நீங்கள் பார்த்த அதே எக்செப்ஷன்தான்.

ஊகத்தில் நிற்க வேண்டாம், பார்த்துவிடுவோம். ஃபேக்டரி கிடைத்த அடுத்த வரியில் அதன் கெட்கிளாஸ் பெயரை லாக்கில் எழுதுங்கள். பெயரில் "காம் சன்" என்று தொடங்கி நடுவில் "இன்டர்னல்" வந்தால் ஜாவாவின் பார்சர். "ஆர்க் அப்பாச்சி ஸெர்சஸ்" என்று தொடங்கினால் வெளியிலிருந்து வந்தது. எந்த ஜார் என்று தெரிய, அந்த கிளாஸின் ப்ரொடெக்ஷன்டொமைனிலிருந்து கோட்சோர்ஸை எடுங்கள். ஆனால் ஜாவாவின் பார்சராக இருந்தால் கோட்சோர்ஸ் 'நல்' (மதிப்பு எதுவும் இல்லை) என்று வரும், நல் செக் இல்லாமல் லொக்கேஷனைக் கேட்டால் அங்கே இன்னொரு எக்செப்ஷன் கிளம்பும்.

வைகைக்கரை:
நன்றி தேரடி அண்ணா, போட்டுப் பார்த்தேன். ஆர்க் அப்பாச்சி ஸெர்சஸ் என்றே வந்தது, கோட்சோர்ஸ் வெப்-இன்ஃப் லிப்பில் உள்ள ஸெர்சஸ்இம்பிள் ஜாரைக் காட்டுகிறது. லைப்ரரிகளைக் குறிக்கும் எங்கள் மேவன் பாம் ஃபைல் எதிலும் அந்தப் பெயரே இல்லை, தேடிவிட்டேன். எப்படி உள்ளே வந்தது?

தேரடி:
நேரடியாக எழுதியிருக்க வேண்டியதில்லை, வேறு ஏதாவது லைப்ரரி கூட்டிக்கொண்டு வந்திருக்கும். வார் மாட்யூலில் நின்று மேவனின் டிபென்டன்சி ட்ரீயை ஓட்டுங்கள், இன்க்ளூட்ஸில் ஸெர்சஸ் என்று கொடுத்தால் சம்பந்தப்பட்ட கிளை மட்டும் வரும். பார்சர் மாட்யூலில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது, கவனம்.

வைகைக்கரை:
பிடித்துவிட்டேன். ரிப்போர்ட் பிடிஎஃப் எடுக்க வார் மாட்யூலில் சேர்த்த ஒரு பழைய லைப்ரரி இழுத்து வந்திருக்கிறது. ஸெர்சஸை விலக்க எக்ஸ்க்ளூஷன் போட்டேன், ட்ரீயில் இப்போது இல்லை, புதிய வாரைத் திறந்து பார்த்தால் அதிலும் அந்த ஜார் இல்லை. ஆனால் சர்வரில் ஏற்றினால் அதே எக்செப்ஷன், கோட்சோர்ஸும் அதே பாதை! டாம்கேட்டை நிறுத்தி ஸ்டார்ட் பண்ணியும் மாறவில்லை.

நீலமலை:
சர்வரில் ஏற்றுவது எப்படி? வாரை வெப்ஆப்ஸில் போடுகிறீர்களா, இல்லை ஏதாவது ஸ்க்ரிப்ட்டா?

வைகைக்கரை:
ஸ்க்ரிப்ட்தான் அக்கா, முன்பிருந்தே இருக்கிறது. வாரை எடுத்து வெப்ஆப்ஸில் உள்ள ஆப் கோப்புறைக்குள் அன்சிப் செய்து, டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்யும்.

நீலமலை:
அங்கேதான் இருக்கிறது. இருக்கிற கோப்புறையின் மேலேயே அன்சிப் செய்தால் புதியது வந்து சேரும், மாறியது மாறும், ஆனால் வாரிலிருந்து நீக்கப்பட்டது நீங்காது. பழைய ஸெர்சஸ் ஜார் லிப்பில் அப்படியே உட்கார்ந்திருக்கும், டாம்கேட் லிப்பில் உள்ள எல்லா ஜாரையும் ஏற்றும். டாம்கேட்டை நிறுத்தி, ஆப் கோப்புறையை முழுக்க அழித்துவிட்டு, வாரை மட்டும் வெப்ஆப்ஸில் வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள், அது தானே விரித்துக்கொள்ளும். அழிக்கும் முன் அந்தக் கோப்புறைக்குள் யாராவது அப்லோட் ஃபைலையோ கான்ஃபிக்கையோ வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் வைத்திருப்பார்கள்.

ஸ்க்ரிப்ட்டையும் இன்றே மாற்றச் சொல்லுங்கள். ஒரு ஜாரின் பதிப்பை உயர்த்தினாலே பெயரில் எண் மாறுவதால் பழையதும் புதியதும் லிப்பில் சேர்ந்து கிடக்கும், எந்த கிளாஸ் எதிலிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது.

சுக்குகாபி:
இடையில் ஒரு சந்தேகம். டாம்கேட் 10-க்கு வந்தால் ஜாவாக்ஸ் எல்லாம் ஜகார்த்தா ஆகிவிட்டதே, ஜாவாக்ஸ் எக்ஸ்எம்எல் பார்சர்ஸ் இம்போர்ட்டையும் மாற்ற வேண்டாமா?

தேரடி:
வேண்டாம். ஜகார்த்தாவுக்குப் போனது சர்வ்லெட், ஈஜேபி, ஜேபிஏ போன்ற என்டர்ப்ரைஸ் பக்கத்துப் பேக்கேஜ்கள். பார்சர்ஸ் பேக்கேஜ் ஜாவா எஸ்ஈ-யோடு வருவது, அது பழைய பெயரிலேயே இருக்கிறது. குழப்பம் ஜாக்ஸ்பியில்தான் (எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்ட்டாக மாற்றும் லைப்ரரி): ஜாவா 11-இல் அதை ஜேடிகேவிலிருந்தே எடுத்துவிட்டார்கள், தனி ஜாராகச் சேர்க்க வேண்டும், புதிய பதிப்புகளில் பெயரும் ஜகார்த்தா எக்ஸ்எம்எல் பைண்ட். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஃபைண்ட்-ரீப்ளேஸ் செய்தால் கம்பைலே ஆகாது.

வைகைக்கரை, எக்ஸ்க்ளூஷனோடு விட்டுவிடாதீர்கள். நாளைக்கு வேறொரு லைப்ரரி மறுபடி ஸெர்சஸை இழுத்து வரலாம், அப்போது வேறு யாராவது இதே இடத்தில் மாட்டுவார்கள். நீங்கள் ஜாவா 17-இல் இருப்பதால் நியூஇன்ஸ்டன்ஸுக்குப் பதில் நியூடிஃபால்ட்என்எஸ்இன்ஸ்டன்ஸ் பயன்படுத்துங்கள். ஜாவா 13-இல் வந்தது. தேடலே நடக்காது, நேராக ஜாவாவின் பார்சர் கிடைக்கும், நேம்ஸ்பேஸும் (எலிமென்ட் பெயர் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்ற அடையாளம்) ஆன் ஆகியிருக்கும். கேம்ட் 053-க்கு நேம்ஸ்பேஸ் கட்டாயம், சாதாரண ஃபேக்டரியில் அது ஆஃப். அப்படியே விட்டால் நேம்ஸ்பேஸ் வைத்துத் தேடும் எலிமென்ட் ஒன்றும் கிடைக்காது, எர்ரரும் வராது, காலி லிஸ்ட் வரும். எர்ரரைவிட அது மோசம்.

கூடவே, டிஸ்அலவ்-டாக்டைப்-டெக்ல் ஃபீச்சரை ட்ரூ ஆக வையுங்கள். இது ஸெர்சஸுக்கும் தெரியும், ஜாவாவின் பார்சருக்கும் தெரியும். கேம்ட் ஃபைல்களின் வடிவம் எக்ஸ்எஸ்டி என்ற ஸ்கீமா ஃபைலில் இருக்கிறது, டாக்டைப் அதில் வர வேண்டிய வேலையே இல்லை. அப்படி ஒன்று வந்தால் ஃபைலைத் திருப்பி அனுப்புவதுதான் சரி.

வைகைக்கரை:
கோப்புறையை அழித்து வாரை மட்டும் வைத்தேன், ஓடுகிறது. லாக்கில் இப்போது இன்டர்னல் பெயர், கோட்சோர்ஸ் நல். ஃபேக்டரியையும் மாற்றிவிட்டேன், டாக்டைப் வைத்த ஒரு ஃபைலை வேண்டுமென்றே அனுப்பினேன், எக்செப்ஷன் வந்து 400 (தவறான ரிக்வெஸ்ட்) திரும்புகிறது. பிடிஎஃப் ரிப்போர்ட்டும் ஸெர்சஸ் இல்லாமல் வருகிறது. கடைசியாக ஒன்று கேட்கலாமா? டாக்குமென்ட்பில்டரை சர்வ்லெட்டின் இனிட்டில் ஒரு தடவை உருவாக்கி ஃபீல்டில் வைத்திருக்கிறேன், எல்லா ரிக்வெஸ்ட்டும் அதையே எடுக்கிறது. பரவாயில்லையா?

நீலமலை:
மாற்றிவிடுங்கள். சர்வ்லெட்டின் ஒரே ஆப்ஜெக்ட்டைத்தான் டாம்கேட் பல த்ரெட்களில் ஓட்டும், டாக்குமென்ட்பில்டரைப் பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொடக் கூடாது. இரண்டு ஃபைல் ஒரே நொடியில் வந்தால்தான் கோளாறு தெரியும், அதனால் டெஸ்ட்டிங்கில் யார் கண்ணிலும் படாது. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதிதாக ஒன்று உருவாக்குங்கள், ஃபேக்டரியையும் அங்கேயே எடுங்கள். தேடல் இல்லாததால் செலவு குறைவு. மாத இறுதி ஃபைல் நூறு எம்பியைத் தாண்டும் என்றால் டாக்குமென்ட்பில்டர் தரும் டாம் முறையே வேண்டாம், எக்ஸ்எம்எல்லின் முழு மரத்தையும் மெமரியில் கட்டும், ஃபைல் அளவைப் போல் பல மடங்கு பிடிக்கும். அப்போது ஃபைலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கும் ஸ்டாக்ஸுக்குப் போங்கள், அங்கேயும் சப்போர்ட்-டிடிடியை ஃபால்ஸ் ஆக்க மறக்காதீர்கள்.

வைகைக்கரை:
இப்போதைக்கு சின்ன ஃபைல்கள்தான் அக்கா. பில்டரை மெத்தடுக்குள் நகர்த்திவிட்டேன், ஸ்க்ரிப்ட்டை மாற்ற ஆபரேஷன்ஸுக்கும் எழுதியாயிற்று. எல்லோருக்கும் நன்றி, இழையைத் தீர்ந்தது என்று குறிக்கிறேன்.