சாம்பாரில் என்ன பெருங்காயம்? வேலைக்காக ஊர் சுற்றுபவர்களின் சாப்பாட்டு அனுபவங்கள்

நூற்பாலை இயந்திர சர்வீஸ், கோயம்புத்தூர்:

மாதத்தில் பதினைந்து நாள் நான் வெளியூரில்தான் இருப்பேன். நூற்பாலை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது வேலை. ராஜபாளையம், திண்டுக்கல், குண்டூர், சூரத், லூதியானா என்று மில் இருக்கும் இடமெல்லாம் போக வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் எனக்கு சீலியாக் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் என் உடம்பே என் சிறுகுடலைத் தாக்கத் தொடங்கிவிடும். ரத்தப் பரிசோதனை செய்து, பிறகு எண்டோஸ்கோபியில் குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் கோதுமையைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நம்ம ஊர்ல என்னங்க கவலை, இட்லி தோசைதானே?" நானும் நம்பினேன். பரோட்டா, சப்பாத்தி, பூரி, ரவா தோசை, உப்புமா, கேசரி, சேமியாப் பாயசம் எல்லாவற்றையும் விட்டேன். ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் பெரிய மாற்றம் இல்லை. வயிறும் சரியாகவில்லை. உணவு ஆலோசகர் ஒருவர் நான் வெளியூரில் சாப்பிட்டதை வேளை வேளையாக எழுதி வரச் சொன்னார். படித்துக்கொண்டே வந்தவர் சாம்பாரில் வந்து நின்றார். "என்ன பெருங்காயம்?" என்றார்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கூட்டுப் பெருங்காயம் என்று போட்டு, சேர்மானத்தில் கோதுமை மாவு என்று அச்சடித்திருந்தது. பெருங்காயம் ஒரு செடியின் பிசின். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வருகிறது. அதன் காட்டத்தை அப்படியே சமையலில் போட முடியாது என்பதால் மாவும் கருவேலம் பிசினும் கலந்துதான் விற்கிறார்கள். சிலர் அரிசி மாவு கலக்கிறார்கள், பலர் கோதுமை அல்லது மைதா. இத்தனை வருடம் சமையலறையில் இருந்த டப்பா, ஒரு நாளும் படித்ததில்லை. சாம்பார், ரசம், மோர், பொங்கல் தாளிப்பு, இட்லிப் பொடி, ஊறுகாய் எதிலும் அது உண்டு. சிட்டிகைதானே என்று சொல்லலாம். என் குடலுக்கு அந்தச் சிட்டிகை போதும்.

அதன் பிறகு ஓட்டல்களில் கேட்க ஆரம்பித்தேன். முதலில் தப்பாகக் கேட்டேன். "சாம்பார்ல கோதுமை இருக்கா?" என்றால் சப்ளையர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, "சாம்பார்ல யாராவது கோதுமை போடுவாங்களா சார்?" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த உண்மையைச் சொல்கிறார். இப்போது நான் சமையலறை வாசலில் போய் மாஸ்டரையே பார்த்து, "அண்ணே, பெருங்காய டப்பாவைக் கொஞ்சம் காட்டறீங்களா? எனக்குக் கோதுமை துளி பட்டாலும் ஆஸ்பத்திரிதான்" என்கிறேன். ஒருவர்கூட கோபித்துக்கொண்டதில்லை. டப்பாவைக் கொண்டுவந்து என்னோடு சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படித்த மாஸ்டர்கள் உண்டு.

இன்னொன்று தோசைக்கல். மாலையில் பரோட்டா போடும் கல்லில்தான் பல கடைகளில் தோசையும் வார்க்கிறார்கள். அதனால் இரவில் தோசை கிடையாது எனக்கு. இட்லி, இடியாப்பம், தாளிக்காத தேங்காய்ச் சட்னி. இடியாப்பம் அரிசிதானா என்று கேட்டுக்கொள்வேன், இப்போது கோதுமையிலும் பிழிகிறார்கள். வடையைத் தொடுவதில்லை, அதே எண்ணெயில்தான் பூரியும் பொரிகிறது. மதியம் வெறும் சாதம், தயிர், வீட்டிலிருந்து கொண்டுபோகும் பெருங்காயம் போடாத பருப்புப் பொடி, நெய். மூன்று வருடமாக என் பையில் அந்தப் பொடி டப்பா இல்லாத நாள் இல்லை.

லூதியானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போகும்போது பயந்துகொண்டே போனேன். கோதுமை நாடு, எங்கே திரும்பினாலும் ரொட்டி. மில் வாசலில் இருந்த தாபாவில் என் உடைந்த இந்தியில் "கேஹூ கீ அலர்ஜி" என்று ஆரம்பித்தேன். கல்லாவில் இருந்த பெரியவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. தன் அண்ணன் பேத்திக்கும் அதேதான் என்றார். ராஜ்மா, சாதம் இரண்டையும் தனிக் கரண்டியால் எடுத்துக் கொடுத்தார். மக்காச்சோள ரொட்டி வேண்டாம், தட்டும்போது பிடிமானத்துக்குக் கோதுமை மாவு சேர்ப்போம் என்று அவரே எச்சரித்தார். கோதுமையையே தின்று வளரும் ஊரில் இந்த நோய் அதிகம் தெரிகிறது, அதனால் கடைக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. அரிசி தின்னும் நம் ஊரில்தான் நான் ஒவ்வொரு மேசையிலும் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது.

உங்களில் யாருக்காவது பத்தியம், ஒவ்வாமை, சர்க்கரை என்று எதுவானாலும், வெளியூரில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, மதுரை:

சார், படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு. எனக்குப் பன்னிரண்டு வருஷமா சர்க்கரை. நாலு வருஷமா சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின். தேனி, ராமநாதபுரம், சிவகங்கைன்னு பைக்கிலயும் பஸ்சிலயும் சுத்தற பொழப்பு.

பெரிய பயம் எனக்கு இனிப்பு இல்ல. நேரம்தான். ஒரு தடவை கம்பெனி மீட்டிங், இரவு எட்டரைக்கு சாப்பாடுன்னாங்க. எட்டேகாலுக்கு ஊசி போட்டுட்டு வந்து உட்கார்ந்தேன். பேச்சு, பரிசு, மறுபடி பேச்சு. ஒன்பது மணிக்கு உள்ளங்கை வேர்த்துச்சு. கை நடுங்குது, மேடையில யார் பேசறாங்கன்னே புரியல. பந்தி பரிமாற வந்த பையன் ஒருத்தன்தான் என் முகத்தைப் பார்த்து என்ன அண்ணேன்னு கேட்டான். காபிக்கு வச்சிருந்த சீனியில மூணு ஸ்பூன் தண்ணியில கரைச்சுக் கொடுத்தான். அறைக்குப் போய்ப் பார்த்தப்போ, சீனி குடிச்ச பிறகும், ரத்தத்துல சர்க்கரை 61தான், ரொம்பக் கம்மி. அந்தப் பையன் பேருகூட நான் கேட்டுக்கல, இன்னிக்கும் அது மனசுல இருக்கு.

அப்புறம் டாக்டர்கிட்ட பேசினேன். என்னோடது வேகமா வேலை செய்யற வகை, சாப்பாடு கண்ணு முன்னாடி வந்த பிறகு போட்டுக்கோங்கன்னார். இப்போ இலையில சோறு விழாம ஊசி இல்ல. ஒவ்வொருத்தர் மருந்தும் வேற, அதனால உங்க டாக்டரைக் கேட்டுத்தான் மாத்தணும். குளுக்கோஸ் பாக்கெட் அறையில இல்ல, சட்டைப் பையில.

மீல்ஸ்னு உட்கார்ந்தா நான் செய்யறது இது. சோறு போட வந்தவர்கிட்ட "ஒரு கரண்டி போதும், அதுக்குப் பதிலா பொரியல் ரெண்டு தடவை கொடுங்க"ன்னு முதல்லயே சொல்லிடுவேன். பொரியல், கூட்டு, கீரையை முதல்ல சாப்பிட்டு முடிச்சிட்டுத்தான் சோத்துல கை வைப்பேன். அதே சோறு, அதே அளவு, வரிசையை மாத்தினதுக்கே ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்க்கற அளவு எனக்கு நல்லாவே குறையுது. ராத்திரி பரோட்டாக் கடைதான் திறந்திருக்கும்னா ரெண்டு ஆம்லெட், ஒரு கல்தோசை. சால்னாவைத் தொட்டுக்க மட்டும். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல சுண்டல் இல்லன்னா கொய்யா.

காபி, டீக்கு நம்ம ஊர்ல "வித்தவுட்"னு ஒரே வார்த்தை, எந்தக் கடையிலயும் புரியும். பெங்களூர்ல ஏமாந்தேன். அங்க காபியை வித்தவுட் சொல்லிட்டு சாம்பாரைக் கிண்ணம் கிண்ணமா குடிச்சேன். உடுப்பி முறை சாம்பார்ல வெல்லம் போடுவாங்கன்னு எனக்கு ரெண்டாவது நாள்தான் தெரிஞ்சுது. சூரத் பக்கம் போனீங்கன்னு எழுதியிருக்கீங்க, அங்க பருப்பும் அப்படித்தானே சார்?

தணிக்கைப் பணி, சென்னை:

எனக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. சாதாரண அரிப்பு இல்லை. தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த அட்ரினலின் ஊசியும் ஒரு கடிதமும் எப்போதும் என் கைப்பையில் இருக்கும்.

கோயம்புத்தூர் அண்ணா சொன்ன "தப்பாகக் கேட்டேன்" என்பதை என் அனுபவத்தில் அப்படியே பார்த்தேன். ஹைதராபாதில் ஒரு கிளையின் கணக்குப் பார்க்கப் போயிருந்தபோது, காலை உணவில் சட்னியைக் காட்டி "நட்ஸ் இருக்கா?" என்றேன். இல்லவே இல்லை என்றார் பரிமாறியவர். அவருக்கு நட்ஸ் என்றால் பாதாம், முந்திரி. சட்னி முழுக்க வேர்க்கடலை. நாக்கில் பட்டதும் தெரிந்து துப்பிவிட்டேன், ஆனாலும் ஊசி போட்டுக்கொண்டு அன்று முழுவதும் மருத்துவமனையில் கிடந்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேள்வி என்னுடையது, வார்த்தை தவறாக இருந்தது.

அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பெயரைக் கற்றுக்கொண்டுதான் போகிறேன். தெலுங்கில் பல்லி, இந்தியில் மூங்ஃபலி, மராத்தியில் ஷேங்தாணா. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு பெயர் போதாது. வெறும் "கடலை" என்று கேட்டால் ஒருவர் பொட்டுக்கடலை என்று நினைப்பார், இன்னொருவர் கொண்டைக்கடலை என்று நினைப்பார். நிலக்கடலை, வேர்க்கடலை இரண்டையும் சொல்வேன். என் அம்மா ஊரான விழுப்புரம் பக்கம் மல்லாட்டை என்றால்தான் சட்டென்று புரியும். தேங்காய் விலை ஏறும்போது தேங்காய்ச் சட்னியில் கடலை சேர்ப்பது நம் ஓட்டல்களிலும் உண்டு. போன மாதம் சேர்க்காத கடை இந்த மாதம் சேர்க்கலாம். அதனால் பழகிய கடையிலும் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுத்திகரித்த கடலெண்ணெயில் அந்தப் புரதம் பெரும்பாலும் போய்விடும். செக்கில் ஆட்டியதில் இருக்கும். "மரச்செக்கு எண்ணெயில் சமைக்கப்படுகிறது" என்ற பலகையைப் பார்த்து ஆரோக்கியம் என்று எல்லோரும் உள்ளே போகிறார்கள். எனக்கு அந்தப் பலகை, அடுத்த கடைக்குப் போ என்று சொல்கிறது. கூட வரும் அலுவலகத்தவர்களுக்கு இதை விளக்குவதுதான் சங்கடம். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்" என்பார்கள். இப்போது பயணத்தின் முதல் நாளே உடன் வருபவர் ஒருவருக்கு ஊசி எங்கே இருக்கிறது, தொடையில் எப்படிப் போட வேண்டும் என்று காட்டிவிடுகிறேன். காட்டிய பிறகு யாரும் அட்ஜஸ்ட் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை.

காப்பீட்டு ஆய்வாளர், பொள்ளாச்சி:

எனக்குச் சிறுநீரகக் கோளாறு. உப்புக் குறைக்க வேண்டும், பொட்டாசியமும் குறைக்க வேண்டும். வெயிலில் வண்டி ஓட்டிப் போகிறவன், குளிர்பானம் கெடுதல் என்று ஒரு நாளைக்கு மூன்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நல்லது என்று நம்பித்தான் குடித்தேன். ரத்தத்தில் பொட்டாசியம் 6.1 வந்தது. 5-ஐத் தாண்டக் கூடாது. இதயத் துடிப்பே தடுமாறியிருக்கும் என்று அன்றே சேர்த்துக்கொண்டார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய என்று எனக்கு அதுவரை தெரியாது.

சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்ப்பார்கள், என் போன்றவர்கள் அதையும் தொடக்கூடாது. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம்தான். ஓட்டலில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் மூன்றையும் இலையில் வைக்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்திவிடுவேன். இலையில் விழுந்துவிட்டால் எடுத்துத் தின்னத்தான் மனம் போகும்.

நூற்பாலை இயந்திர சர்வீஸ், கோயம்புத்தூர்:

இளநீர் செய்தி எனக்குப் புதிது. எங்கள் மில் போர்மேன் ஒருவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அவருக்கு இன்றைக்கே சொல்கிறேன்.

மதுரை நண்பருக்கு: ஆமாம், குஜராத்தில் பருப்பிலும் வெல்லம் உண்டு, சில காய்களிலும் உண்டு. "கோள் நஹி" என்றால் வெல்லம் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். சென்னைத் தங்கையின் ஊசிக் கதையைப் படித்து இரவு தூக்கம் வரவில்லை. நானும் கூட வருபவரிடம் என் நோயைப் பற்றி முதல் நாளே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். இதுவரை மறைத்துத்தான் வந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் மகாராஷ்டிரத்தில் இச்சல்கரஞ்சியில் பத்து நாள் வேலை. அங்கே சோள ரொட்டி, பாக்ரி என்பார்கள், எல்லாக் கடையிலும் உண்டாம். தட்டும்போது கோதுமை மாவு தூவுவார்களா? மராத்தி தெரிந்தவர்கள் எப்படிக் கேட்பது என்று சொல்லுங்கள்.

தணிக்கைப் பணி, சென்னை:

அண்ணா, புனேயில் எங்கள் அலுவலகத்துச் சமையல்காரம்மா சொல்லிக் கொடுத்தது இது. "ஜ்வாரிச்சி பாக்ரி" என்று கேளுங்கள். கூடவே "கவ்ஹாச்சம் பீட் நக்கோ" என்று சொல்லுங்கள், கோதுமை மாவு வேண்டாம் என்று அர்த்தம். பாக்ரி தட்டும் கல்லில் சப்பாத்தியும் போடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கடலைச் சட்னிப் பொடி வைப்பார்கள், அது உங்களுக்கு ஆகும், பெருங்காயம் இல்லையென்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பெருங்காயத்துக்கு அங்கே "ஹிங்".