‘பாசிட்டிவ்’ என்ற சொல் உங்களை எங்கே நிறுத்தியது? அனுபவங்களைப் பகிருங்கள்

முல்லைக்கொடி:

அம்மாவின் மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த திசுப் பரிசோதனை அறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். அலைச்சலையும் காத்திருப்பையும் விவரிக்க வேண்டியதில்லை, இங்கே பலருக்கும் அது பழக்கம்தான். அறிக்கை மாலையில் கிடைத்தது, மருத்துவரை மறுநாள்தான் பார்க்க முடியும். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ‘மார்ஜின் நெகட்டிவ்’ என்ற இடத்தில் விரல் நின்றது. அடுத்த வரி, ‘நிணநீர் முடிச்சுகள் நெகட்டிவ்’. காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். அன்று இரவு அவர் தூங்கவில்லை.

வெட்டி எடுத்த திசுவின் ஓரத்தில் புற்றுச் செல் இல்லை, முடிச்சுகளுக்கும் பரவவில்லை என்பதுதான் அந்த இரண்டு வரிகளுக்கும் பொருள் என்று மறுநாள் மருத்துவர் விளக்கினார். அம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

என்னை இன்றுவரை உறுத்துவது அதற்கடுத்து நடந்ததுதான். வெளியே காத்திருப்பு அறையில், ஏறக்குறைய அம்மாவின் வயதில் ஒரு பெண்மணி, கையில் அதே மாதிரி அறிக்கையோடு உட்கார்ந்திருந்தார். அம்மா ஆசையாக அதை வாங்கிப் பார்த்தார். ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றுக்கும் எதிரே ‘நெகட்டிவ்’. “நெகட்டிவ் என்றால் நல்லதாம் அம்மா, இப்போதுதான் டாக்டர் சொன்னார், கவலையே படாதீர்கள்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்மணி அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதார். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

‘ட்ரிபிள் நெகட்டிவ்’ என்றால் என்ன என்று வீட்டுக்கு வந்துதான் படித்தேன். புற்றுச் செல்லில் மருந்துகள் குறிவைக்கும் அந்த மூன்று ஏற்பிகளும் (ஈஆர், பிஆர் இரண்டும் ஹார்மோனுக்கானவை) இல்லை. ஆகவே தமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையும் பயன்படாது, ஹெர்2-க்கென்றே 1998-இல் வந்த ட்ராஸ்டுசுமாபும் பயன்படாது. அம்மாவிடம் நான் அதை இன்னும் சொல்லவில்லை.

ஆய்வுக்கூடத்தான்:

படித்துவிட்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தேன். நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன்.

அறிக்கையை வாங்கிக்கொண்டு போன ஓர் இளைஞர் சிறிது நேரத்தில் திரும்பி வந்தார். கையொப்பமிட வேண்டிய பதிவேட்டை நீட்டினேன். கைக்குட்டையை எடுத்துப் பேனாவைச் சுற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு பேனாவை மேசைமேல் வைக்காமல், “இதை நானே எடுத்துப் போய்விடட்டுமா? வேறு யாரும் தொட வேண்டாம்” என்றார். அறிக்கையில் ‘ஆன்டி-எச்பிஎஸ்: பாசிட்டிவ்’ என்று இருந்தது.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி உடலில் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. பாசிட்டிவ் என்றால் எதிர்ப்பொருள் உருவாகிவிட்டது என்று பொருள். மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று கொள்வார்கள். அவருக்கு அதைவிடப் பல மடங்கு இருந்தது. கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது எச்பிஎஸ்ஏஜி என்ற வேறு சோதனை. பெயரில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். ஒன்றில் பாசிட்டிவ் வந்தால் நிம்மதி, மற்றதில் வந்தால் சிகிச்சை. நான் விளக்கிய பிறகும் அவர் கைக்குட்டையைப் பேனாவிலிருந்து கழற்றவில்லை. அப்படியே எடுத்துப் போய்விட்டார்.

கரும்பலகை:

இருவர் எழுதியதும் மனத்தைப் பிசைகிறது. ஆனால் சொல்லின் மேல் பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. லத்தீனில் இதன் வேர் ‘வைத்தல்’ என்பதுதான். இயற்றி வைக்கப்பட்ட சட்டத்தை ‘பாசிட்டிவ் சட்டம்’ என்பது அந்தப் பொருளில்தான். அது நல்ல சட்டமா கெட்ட சட்டமா என்பது வேறு கேள்வி. ‘நல்லது’ என்ற வாடை பிற்பாடுதான் இதன்மேல் படிந்தது.

நான் இயற்பியல் நடத்துகிறேன். மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் போகிறது என்று படம் வரைந்து காட்டினேன். ஒரு மாணவி எழுந்து வந்து சுண்ணாம்புக் கட்டியை வாங்கி, என் அம்புக்குறிக்குக் கீழேயே எதிர்த்திசையில் ஒன்று வரைந்தாள். “எலக்ட்ரான் இப்படித்தானே போகிறது ஐயா? இதில் எது உண்மை?” என்று கேட்டாள். பதில் கிடைக்கும்வரை இடத்துக்குப் போக மறுத்துவிட்டாள்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1747 வாக்கில் மின்சாரத்தை ஒரு பாய்பொருளாகக் கருதி, அது மிகுந்திருக்கும் பக்கத்துக்கு பாசிட்டிவ் என்றும் குறைந்திருக்கும் பக்கத்துக்கு நெகட்டிவ் என்றும் பெயர் வைத்தார். எந்தப் பக்கம் மிகுதி என்பது அவருடைய ஊகம். 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தபோது கம்பியில் ஓடுவது நெகட்டிவ் துகள் என்று தெரிந்தது. அதற்குள் பாடநூல்கள், கருவிகள், சூத்திரங்கள் எல்லாம் பழைய பெயரிலேயே ஊன்றிவிட்டன. மாற்றவும் தேவைப்படவில்லை, கணக்கு எப்படியும் சரியாகவே வரும். எதை எங்கே வைத்தோம் என்ற ஏற்பாடுதான் பாசிட்டிவ். அவள் அதை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்களுக்கும் அப்படி விளக்கினால் குழப்பமே இருக்காது.

தம்பிக்காக:

கரும்பலகை ஐயா, வகுப்பறையில் கேள்வி கேட்டவளுக்குப் பதில் கிடைக்கும்வரை நிற்க நேரம் இருந்தது. எங்களுக்கு இல்லை.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை தொடங்கிய பிறகு மூன்றாம் சந்திப்போ நான்காம் சந்திப்போ, மருத்துவர் கோப்பைப் பார்த்தபடியே, “பாசிட்டிவ் சிம்டம்ஸ் நன்றாகக் குறைந்திருக்கிறது, நெகட்டிவ் சிம்டம்ஸ் அப்படியே இருக்கிறது” என்றார். நான் தலையாட்டினேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “இருந்த நல்லதும் போய்விட்டது, கெட்டது மட்டும் நிற்கிறது என்கிறாரா?” என்று தம்பியின் முன்னாலேயே கேட்டுவிட்டார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே, “ஆமாம் அம்மா” என்றான்.

அந்த “ஆமாம் அம்மா”தான் எனக்குத் தாங்கவில்லை.

இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று நம்புவது போல் இயல்புக்கு மேல் கூடுதலாக வந்தவை பாசிட்டிவ். பேச்சு குறைவது, முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவது, எதிலும் நாட்டமின்மை போல் இயல்பிலிருந்து கழிந்துபோனவை நெகட்டிவ். முதல் வகையை மருந்து பெரும்பாலும் அடக்கிவிடும்; இரண்டாம் வகைக்கு அவ்வளவாகக் கேட்காது. ஆக, மருத்துவர் சொன்னது முன்னேற்றச் செய்தி. அம்மாவுக்கு அது புரிய ஒரு வாரமாவது ஆகியிருக்கும். சொல் குற்றமற்றது என்றே வைத்துக்கொள்வோம். அதைச் சொல்லும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

எண்கணக்கன்:

என் மனைவிக்கு ஒரு பொது முகாமில் எடுத்த சோதனை பாசிட்டிவ் என்று வந்தது. இரண்டாம் சோதனையில் நோய் இல்லை என்றார்கள். இடைப்பட்ட நாட்களில் அவர் அலமாரியைத் திறந்து தன் புடவைகளை யார் யாருக்கு என்று பிரித்து அடுக்கி வைத்திருந்தார். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் எல்லோருக்கும் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். அறிக்கையில் பாசிட்டிவ் என்று இருந்தால் நோய் இருக்கிறது என்று பொருள் அல்ல. சோதனை அப்படிச் சொல்கிறது என்று மட்டுமே பொருள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 100-க்கு 99 பேரைச் சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 100-க்கு 5 பேரைத் தவறாகப் பிடிக்கும் என்ற தரமுள்ள சோதனை. 1,00,000 பேரைச் சோதித்தால் நோயுள்ள 100 பேரில் 99 பேருக்கு பாசிட்டிவ். நோயில்லாத 99,900 பேரில் 4,995 பேருக்கும் பாசிட்டிவ். மொத்தம் 5,094 பாசிட்டிவ், அதில் உண்மை வெறும் 99. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை! சோதனை மோசமில்லை, நோய் அரிது என்பதால் வரும் விளைவு இது.

ஆகவே, முதலில் எதைத் தேடினார்கள் என்று கேளுங்கள். கிருமியையா, கிருமிக்கு எதிரான பொருளையா, மரபணுவையா? அடுத்து, இது முதல்நிலைச் சல்லடையா, உறுதி செய்யும் சோதனையா என்று கேளுங்கள். காசநோய்க்கான மான்டூ தோல் சோதனை பாசிட்டிவ் என்றால் கிருமியோடு எப்போதோ தொடர்பு ஏற்பட்டிருக்கிறது என்று பொருள், இப்போது நோய் இருக்கிறது என்றல்ல. பிசிஜி தடுப்பூசி போட்டிருந்தாலும் பாசிட்டிவ் வரலாம். மாலையில் அறிக்கை வாங்காதீர்கள், மருத்துவரைப் பார்க்கப் போகும் காலையில் வாங்குங்கள். தனியாகப் படிக்காதீர்கள். இணையத்தில் தேடாதீர்கள். வீட்டில் பெரியவர்களிடம் காகிதத்தைக் கொடுக்காதீர்கள். முல்லைக்கொடி, உங்கள் அம்மாவிடம் இன்றே உண்மையைச் சொல்லிவிடுங்கள், மறைப்பது சரியல்ல.

முல்லைக்கொடி:

எண்கணக்கன் ஐயா, சொல்லலாமா வேண்டாமா என்று நான் இங்கே யாரிடமும் கேட்கவில்லை. அம்மாவின் அறிக்கையை அவர் கையில் கொடுக்காதே என்பதையும் ஏற்க மாட்டேன். அது அவர் உடம்பு. அவர் படித்தது தப்பில்லை, படித்தால் புரியாதபடி எழுதியிருந்தார்கள்.

ஆய்வுக்கூடத்தான்:

எண்கணக்கன் போட்ட கணக்கு சரி, ஆனால் அதைப் பாதியில் நிறுத்திவிட்டார். எந்த அறிகுறியும் இல்லாதவர்களை மொத்தமாகச் சோதிக்கும்போதுதான் அது பொருந்தும். காய்ச்சலும் இருமலும் உள்ளவர்கள், நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் என்று இரண்டில் ஒருவருக்கு நோய் இருக்க வாய்ப்புள்ள கூட்டத்தை அதே சோதனையில் வைத்துப் பாருங்கள். 1,00,000 பேரில் உண்மையான பாசிட்டிவ் 49,500, தவறானது 2,500. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உண்மை. “பாசிட்டிவ் எல்லாம் பொய்யாகத்தான் இருக்கும்” என்று யாராவது இதைப் படித்துவிட்டு இரண்டாம் சோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. அப்படிப் போகாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைச்சீருடை:

பிரசவ வார்டில் இருப்பவள் நான். குழந்தை பிறந்ததும் ஆன்டி-டி ஊசியோடு போனேன். “எனக்கு எதற்கு ஊசி? என் இரத்தமே நெகட்டிவ், அதனால்தான் வீட்டில் எது தொடங்கினாலும் விளங்குவதில்லை என்கிறார்கள்” என்றாள் அந்தப் பெண், மிகச் சாதாரணமாக, தன் உயரத்தைச் சொல்வதுபோல. அவ்வளவு காலமாக அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறாள்.

சிவப்பணுவின் மேல் டி என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ், அவ்வளவே. இதற்கு ‘ஆர்எச்’ என்பது லாண்ட்ஸ்டைனரும் வீனரும் 1940-இல் ரீசஸ் குரங்கின் இரத்தத்தை வைத்து நடத்திய ஆய்விலிருந்து வந்த பெயர். தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் அந்த ஊசி போட வேண்டும். அடுத்த பிள்ளையைக் காப்பதற்காக. இரத்தப் பிரிவை வைத்து ஒரு பெண்ணின் ராசியைப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பெயர்ப்பாளர்:

நான் செய்திக் கட்டுரைகளைத் தமிழாக்குகிறேன். துருவப் பனி பற்றிய ஒரு கட்டுரை என்னிடம் சரிபார்க்க வந்தது. பனி உருகினால் அதனடியிலுள்ள கருமையான கடல்நீர் வெளிப்படும், அது வெயிலை அதிகம் உறிஞ்சும், சூடு கூடும், இன்னும் பனி உருகும். ஆங்கிலத்தில் இதற்கு ‘பாசிட்டிவ் ஃபீட்பேக்’ என்று பெயர். தமிழில் ‘பனி உருகுவதால் நேர்மறையான விளைவு ஏற்படுகிறது’ என்று எழுதியிருந்தார்கள். அச்சுக்குப் போக வேண்டிய பக்கம் அது. அந்த வரியின் மேல் சிவப்பு மையால் நான் அடித்த கோடு காகிதத்தைக் கிழித்துவிட்டது.

கரும்பலகை ஐயாவுக்கு ஒன்று. தமிழில் நாம் இதையெல்லாம் ஒரே சொல்லில் அடைத்ததே இல்லை. கணக்கில் மிகை எண், குறை எண். மின்சாரத்தில் நேர்மின், எதிர்மின். இலக்கணத்தில் உடன்பாடு, எதிர்மறை. தனித்தனியே நன்றாகவே இருந்தன. ‘நேர்மறை’ என்ற ஒன்றை எல்லா இடத்திலும் ஒட்டத் தொடங்கிய பிறகுதான் ஆங்கிலத்தின் குழப்பம் அப்படியே இங்கே வந்து குடியேறியது. தன்னையே பெருக்கிக்கொள்ளும் விளைவு என்று அந்த இடத்தில் எழுதினேன். நீளம்தான், ஆனால் படிப்பவருக்கு அச்சம் வர வேண்டிய இடத்தில் அச்சம் வரும்.

தம்பிக்காக:

பெயர்ப்பாளரே, அப்படியானால் எங்களுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். பாசிட்டிவ் சிம்டம்ஸ், நெகட்டிவ் சிம்டம்ஸ் இரண்டையும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பெயர்ப்பாளர்:

கூடிய அறிகுறிகள், குறைந்த அறிகுறிகள் என்று சொல்லிப் பாருங்கள்.

தம்பிக்காக:

‘குறைந்த அறிகுறிகள்’ என்றால் நோய் குறைந்துவிட்டது என்றுதான் அம்மா எடுத்துக்கொள்வார். தம்பியிடமே கேட்டேன். “புதிதாக வந்தவை, என்னிடமிருந்து போனவை” என்றான். அதையே வைத்துக்கொண்டோம். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து இரண்டு பத்தியாக எழுதியிருக்கிறோம். ‘போனவை’ பத்தியில் அவனே தன் கையால் ‘பாட்டுக் கேட்பது’ என்று சேர்த்தான். அடுத்த சந்திப்புக்கு அந்தத் தாளைக் கொண்டுபோகிறோம்.