வாட்ச்ச கழட்டி வெச்சிட்டு மூச்சு விடு

குழு: பாலக்கோடு வீடு

ஓசூர் தம்பி, காலை 5:12
யாராச்சும் முழிச்சிருக்கீங்களா? ரெண்டு மணியிலருந்து தூக்கமே இல்ல. நெஞ்சுல இடது பக்கம் குத்துது. வாட்ச்சுல நாடித்துடிப்பு 118 காட்டுது.

நர்ஸ் அக்கா, 5:14
இருக்கேன்டா, நைட் டியூட்டிலதான். எப்படி வலிக்குது? பாரம் வெச்சு அமுக்கற மாதிரியா, ஊசி குத்தற மாதிரியா? கை, தோள், தாடைக்கு இழுக்குதா? வேர்த்துக் கொட்டுதா?

ஓசூர் தம்பி, 5:15
ஊசிதான். ஒரு விரல் வெச்சு எடத்தக் காட்டிடலாம், அழுத்தினா வலிக்குது. எங்கயும் இழுக்கல, வேர்வை இல்ல. விரல் நுனி மட்டும் மரமரன்னு இருக்கு.

நர்ஸ் அக்கா, 5:17
மூச்ச வேகவேகமா விடற, அதனாலதான். அப்படி விட்டா ரத்தத்துல கரியமில வாயு குறஞ்சு விரலு, ஒதடெல்லாம் மரத்துப்போகும். வாட்ச்ச கழட்டி வெய்யி. நாலு எண்ணற வரைக்கும் மூச்ச இழு, ஆறு எண்ணற வரைக்கும் மெதுவா விடு. பத்து நிமிஷம் செய். அடங்கலன்னாலோ அமுக்கற வலியா மாறினாலோ ரூம்ல இருக்கறவங்கள எழுப்பி 108க்கு அடி. யோசிக்காத.

காரிமங்கலம் அத்தை, 5:26
வாயுவா இருக்கும்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. உங்க மாமாவும் அப்படித்தான் ஓமத் தண்ணி குடிச்சிட்டு படுத்தாரு.

ஓசூர் தம்பி, 5:31
இப்ப 92 அக்கா. குத்தறதும் கொறஞ்சிருக்கு.
அத்தை, மாமா போனதுலருந்துதான் எனக்கு இப்படி. படுத்தாலே காதுக்குள்ள இதயம் அடிக்கறது கேக்குது.

நர்ஸ் அக்கா, 5:32
கழட்டச் சொன்னேன்ல? மறுபடியும் பாத்திருக்க.

பாலக்கோடு சித்தப்பா, 6:05
இப்பதான் பாத்தேன். போன மாசம்தானப்பா ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தோம்? ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரே. எல்லாம் மனசுதான்.

நர்ஸ் அக்கா, 6:20
மனசுதான்னு தள்ளிடாதீங்க சித்தப்பா. வலி நெசம். பயந்தா ஒடம்பு அட்ரினலின சுரக்கும், இதயம் வேகமா அடிக்கும், நெஞ்சுத் தசை இறுகி வலிக்கும். அந்த வலிய மாரடைப்புன்னு நெனச்சா பயம் இன்னும் ஏறும். சும்மா இருக்கறப்ப 60லருந்து 100 வரைக்கும் சாதாரணம். பயத்துல 120 போறது அதிசயமில்ல. கொஞ்ச நேரத்துல தானா எறங்கும். அவன் நிமிஷத்துக்கு ஒருவாட்டி பாக்கறதுதான் எறங்க விடாம பண்ணுது.

தம்பி, நைட் ஷிஃப்ட்டுல எத்தன டீ குடிக்கற?

ஓசூர் தம்பி, 6:22
அஞ்சு, ஆறு இருக்கும்.

நர்ஸ் அக்கா, 6:24
ரெண்டா கொறச்சிக்க. ராத்திரில யூடியூப்ல மாரடைப்பு வீடியோ பாக்கறத நிறுத்து. தனியா பயந்துட்டு கெடக்காம 14416க்கு கூப்புடு. டெலிமானஸ், மனநல உதவிக்கான அரசாங்க நம்பர், காசில்ல, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். வலி புது மாதிரியா வந்தா, மாடி ஏறறப்ப வந்து நின்னா அடங்கினா, மயக்கம் வந்தா, பழைய ரிப்போர்ட்ட நம்பி உக்காந்திடாத. மறுபடியும் காட்டணும்.

காரிமங்கலம் அத்தை, 6:41
எனக்கும் இருக்குது கண்ணு. யாருகிட்டயும் சொல்லல. ராத்திரில எழுந்து நாடி பிடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். மாடு கறக்கறப்ப மூச்சு வாங்கும், குப்புன்னு வேர்க்கும். அவர நெனச்சுத்தான் இப்படின்னு விட்டுட்டேன். நீ சொல்றதப் படிச்சதும் மனசு லேசாச்சு.

நர்ஸ் அக்கா, 6:43
அத்தை, நில்லுங்க. உங்களுக்கு நான் அப்படிச் சொல்லல.
உங்களுக்கு பத்து வருஷமா சுகர். சுகர் இருந்தா நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும், மூச்சு வாங்கறதும் வேர்வையுமாத்தான் காட்டும். தம்பிக்கு எல்லாம் பாத்துட்டு பயம்னு சொல்றோம். உங்களுக்கு ஒரு ஈசிஜி கூட எடுக்கல. எத்தன நாளா இருக்கு?

காரிமங்கலம் அத்தை, 6:45
ஆடிலருந்து. நேத்தும் வந்துச்சு.

நர்ஸ் அக்கா, 6:46
சித்தப்பா, உடனே வண்டி எடுத்துட்டு அத்தை வீட்டுக்குப் போங்க. தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு நேரா கூட்டிட்டு வாங்க, நான் டியூட்டி முடிச்சிட்டு அங்க வந்திடறேன். வழில நெஞ்சு அடைச்சா பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துலயே நிறுத்துங்க. 2023லருந்து இதயம் காப்போம் திட்டத்துல ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின்னு மொத டோஸ் மாத்திரை அங்கயே குடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க. மாமாவ அன்னிக்கு அங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்னு எனக்கு இன்னிக்கும் ஆறல.

காரிமங்கலம் அத்தை, 6:49
மாடு கறந்துட்டு வரேனே கண்ணு.

ஓசூர் தம்பி, 6:49
வேணாம் அத்தை. பக்கத்து வீட்டுல சொல்லிட்டு அப்படியே உக்காருங்க.

பாலக்கோடு சித்தப்பா, 6:51
கெளம்பிட்டேன். சுகர் நோட்டையும் மாத்திரையையும் எடுத்து வெச்சிக்க தங்கச்சி.

ஓசூர் தம்பி, 8:58
ஈசிஜி எடுத்தாச்சா? நான் பஸ் ஏறிட்டேன்.

நர்ஸ் அக்கா, 9:10
எடுத்தாச்சு. லேசா மாத்தம் இருக்குன்னாரு டாக்டர். ரத்தப் பரிசோதனைக்கு எடுத்திருக்காங்க, இன்னிக்கு இங்கயே வெச்சிப் பாக்கறாங்க. அத்தை தெளிவா பேசறாங்க, மாட்ட யாரு கறந்தாங்கன்னு கேக்கறாங்க. பஸ் ஸ்டாண்டுல எறங்கி நேரா இங்க வா.