ஹியூவெக் செல்லில் 30 மில்லிமோலார் குளுக்கோஸ் கொடுத்தும் விகேம்-1 (வெள்ளணுக்களை ஒட்டவைக்கும் செல் மேற்பரப்புப் புரதம்) ஏறவில்லை, ஏன்?

சிரைச்செல்:
தொப்புள்கொடிச் சிரை உட்சுவர் செல்கள் (ஹியூவெக்), பாசேஜ் 4 (நான்காம் முறை பிரித்து வளர்த்தவை), ஈஜிஎம்-2 மீடியம் (வளர்ப்புத் திரவம்). ஒரு பக்கம் குளுக்கோஸ் 30 மில்லிமோலார், இன்னொரு பக்கம் 5.5. சவ்வூடு அழுத்தக் கன்ட்ரோலுக்கு 5.5 உடன் மானிட்டால் 24.5. 24 மணி நேரம் கழித்து வெஸ்டர்ன் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பார்த்தால் விகேம்-1 பட்டையே இல்லை, அதே வகை ஒட்டுப்புரதமான ஐகேம்-1 மூன்றிலும் ஒரே அளவு. எங்கே தப்பு?

பிப்பெட்:
மீடியத்தில்தான். ஈஜிஎம்-2 கிட்டில் ஹைட்ரோகார்டிசோன் தனிக்குப்பியாக வருமே, அது ஸ்டீராய்டு. அழற்சி மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா பி புரதத்தின் வேலையை அமுக்கிவிடும். விகேம்-1, மோனோசைட்டை ஈர்க்கும் எம்சிபி-1 எல்லாம் அதன் கீழேதான். கூடவே அஸ்கார்பிக் அமிலம் வேறு, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி. இரண்டு குப்பியையும் சேர்க்காமல், சீரம் 2 சதவீதம் வைத்து ஓர் இரவு விட்டு, பிறகு குளுக்கோஸ் கொடுங்க.

டிஎன்எஃப்-ஆல்ஃபா (அழற்சியைத் தூண்டும் புரதம்) மில்லிக்கு 10 நானோகிராம், 6 மணி நேரம் கொடுத்த ஒரு கிணறு (வளர்ப்புத் தட்டின் குழி) கட்டாயம் வேணும். அதிலும் பட்டை வராவிட்டால் ஆன்டிபாடியைச் சந்தேகப்படுங்க.

கிளட்1:
மேலே சொன்னது சரி, ஆனால் ஸ்டீராய்டை எடுத்ததும் விகேம்-1 எகிறும்னு நம்பிடாதீங்க. குளுக்கோஸ் தனியாகப் பலவீனமான தூண்டல். உட்சுவர் செல், குளுக்கோஸை உள்ளே விடும் கிளட்-1 வாயிலைப் பெரிதாகக் குறைத்துக்கொள்ளாது. வெளியே சர்க்கரை ஏறினால் உள்ளேயும் ஏறும். மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பராக்சைடு, பிகேசி என்சைம், ஏஜிஇ (சர்க்கரை ஒட்டி மாறிய புரதங்கள்) என்று பல வழியாக என்எஃப்-கப்பா பி உசுப்பப்படும். அதற்கு நேரம் வேணும். 48 முதல் 72 மணி நேரம் குளுக்கோஸில் வைத்து, கடைசி 4 மணி நேரம் டிஎன்எஃப் மில்லிக்கு 1 நானோகிராம் கொடுங்க. 5.5 + டிஎன்எஃப் கிணற்றோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். 10 நானோகிராம் போட்டால் எல்லாமே உச்சத்தில் நிற்கும்.

மானிட்டால் ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிடிக்கும், அதனால் முழு நடுநிலை இல்லை. காசு இருந்தால் எல்-குளுக்கோஸ் (செல் பயன்படுத்தாத, குளுக்கோஸின் கண்ணாடிப் பிம்ப வடிவம்).

இன்னொன்று: 30 மில்லிமோலார் என்பது டெசிலிட்டருக்கு 540 மில்லிகிராம். தினசரிச் சர்க்கரை நோயைக் காட்டணும்னா 15 போதாதா என்று யோசிங்க.

சிரைச்செல்:
நன்றி. 72 மணி நேரமும் அதே மீடியத்தில் விடலாமா?

பிப்பெட்:
கூடாது. நிறைந்து வளர்ந்த கிணற்றில் 5.5 கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும். கடைசியில் நீங்க ஒப்பிடுவது பட்டினிச் செல்லோடு. தினமும் மாற்றுங்க. 1 மோலார் ஸ்டாக் (20 மில்லியில் 3.6 கிராம், 0.22 மைக்ரான் வடிகட்டி) செய்து, 5.5 மீடியம் 10 மில்லிக்கு 250 மைக்ரோலிட்டர் விட்டால் சுமார் 29.8 வரும். வீட்டுக் குளுக்கோமீட்டர் முழு இரத்தத்துக்கு அளவிட்டது. மீடியத்தில் அதன் எண்ணை அப்படியே எழுதாதீங்க, தெரிந்த செறிவுகளை வைத்து ஒரு வரைகோடு போட்டுக்கங்க.

கிளட்1:
வெஸ்டர்னோடு நிறுத்தாமல் டிஎச்பி-1 (மோனோசைட் என்ற வெள்ளணு வகைச் செல்வரிசை) ஒட்டும் சோதனையும் பாருங்க. கால்சீன் (ஒளிரும் சாயம்) ஏற்றிய அந்தச் செல்களை 30 நிமிடம் ஒட்டவிட்டு, பிறகு இரண்டு முறை மெதுவாகக் கழுவல். கழுவும் பிபிஎஸ்ஸில் (உப்புத் தாங்கல் கரைசல்) கால்சியமும் மெக்னீசியமும் இருக்கணும், இல்லாவிட்டால் இன்டெக்ரின் (மோனோசைட்டின் ஒட்டும் புரதம்) பிடி தளர்ந்து ஒட்டியதும் கழன்று போய்விடும்.