‘ப்ளே டவுன்’ என்பதற்குத் தமிழில் எந்த வினை பொருந்தும்?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் ஆங்கில அறிக்கையை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக மூன்று நாளாக மொழிபெயர்த்து வரும் நான், கட்டடம் கட்டியவர் சுவர் விரிசலை ‘ப்ளே டவுன்’ செய்தார் என்ற ஒரே வரியில் சிக்கி நிற்கிறேன். அகராதியைப் பார்த்து முதலில் ‘குறைத்து மதிப்பிட்டார்’ என்று எழுதினேன். அது அறியாமல் செய்த பிழைபோல ஒலிக்கிறது, இவரோ தீவிரம் தெரிந்தே அதைச் சிறிதாகக் காட்டியவர். ‘மூடி மறைத்தார்’ என்றால் விரிசலே இல்லை என்று சாதித்ததாகிவிடும். ‘பூசி மெழுகினார்’ என்பது நெருங்கி வருகிறது, ஆனால் சுவரைப் பற்றிய அறிக்கையில் அதை நேர்ப்பொருளிலேயே படித்துவிடுவார்கள். ‘அடக்கி வாசித்தார்’ என்பதோ பேசுபவரின் அடக்கத்தைச் சொல்கிறதே தவிர, விரிசலைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை சுற்றுக்கு விட வேண்டிய அறிக்கையில், தெரிந்தே சிறிதாக்கிக் காட்டுதல் என்ற பொருளை நீட்டி முழக்காமல் தரும் வினை எது?