மறு: ‘தேய்மானம்’ போதாதா? (‘கிடப்புப் பழுது’ முன்மொழிவு)

வணக்கம்.

> நீண்ட நாள் கவனிக்காத காரில் வரும் கோளாறையும் ‘தேய்மானம்’ என்றே எழுதலாமே. புதுச்சொல் எதற்கு?

தேய்மானம் உராய்வால் வருவது. பிரேக் பேட் தேயும், கிளட்ச் தட்டு தேயும். ஓடிய தூரத்தை வைத்துக் கணக்குப் போடலாம். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 (துணிக்கூரையுள்ள இருவர் கார்) ஒன்றைப் பல ஆண்டு கவனிக்காமல் விட்டால் நடப்பது வேறு. மீட்டர் அசையாமலே ரப்பர் இறுகுகிறது, பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுகிறது, கறுப்பாக இருந்த ரேடியேட்டரின் மேல்தொட்டி பழுப்பாகி நொறுங்கும் பதத்துக்கு வருகிறது. ‘கிடப்பில் போடுவது’ நம் பேச்சிலேயே இருக்கிறது. அதிலிருந்து ‘கிடப்புப் பழுது’ என்று எடுக்கலாம்.

டைமிங் பெல்ட்டையே பாருங்கள்; கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளையும் ஒத்துச் சுழலவைக்கும் பட்டை அது. இந்தக் காரின் 1.6 லிட்டர் எஞ்சினில் அதை மாற்ற வேண்டிய தூரம் 60,000 மைல், ஏறத்தாழ 96,000 கிலோமீட்டர். தூரம் இன்னும் வரவில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குள் கேம் சீல் (கேம் தண்டருகே எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இறுகிக் கசிகிறது. எண்ணெயில் ஊறிய பெல்ட்டின் பல் பெயர்கிறது. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது, வண்டி நின்றுபோகும், அவ்வளவே. எல்லா எஞ்சினும் இப்படித் தப்பிக்காது.

கவரைத் திறந்த பொமென் (மெக்கானிக்) பெல்ட்டை மட்டும் மாற்றி மூடிவிடக் கூடாது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர், இரண்டு கேம் சீல், கிராங்கின் முன் சீல், தண்ணீர் பம்ப் எல்லாம் அதே கையோடு மாற வேண்டும். பம்ப் வேறு பெல்ட்டில்தான் ஓடுகிறது. ஆனாலும் அதைக் கழற்ற டைமிங் பெல்ட்டை எடுத்தே தீர வேண்டும். மாட்டியபின் இரண்டு கேம் குறிகளுக்கும் இடையே 19 பல் வருகிறதா என்று எண்ணி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றி, மீண்டும் எண்ணவும்.

– கோலாலம்பூரிலிருந்து

---

வணக்கம் ஐயா.

சொல் பிடித்திருக்கிறது, ஒரு தடை மட்டும். ‘கிடப்பு’ என்றால் ஓடாமல் கிடந்த கார் என்றே படிப்பவர் நினைப்பார். தினமும் ஓடும் காரிலும் இந்தப் பழுது உண்டு. துணிக்கூரையின் மழைநீர் வடிகால் துளைகள் இருக்கைக்குப் பின்னால் இருக்கின்றன. இலையும் தூசும் அடைத்தால் நம் ஊர் மழைத் தண்ணீர் கதவடிச் சட்டத்துக்குள் தேங்கி, உள்ளிருந்தே துரு தின்கிறது. வளையும் பிளாஸ்டிக் இழையால் மெல்லக் குத்தி எடுத்தால் போதும். கம்பி குழாயைக் கிழித்துவிடும்.

ரேடியேட்டரும் அப்படித்தான். இங்கே பனி உறைவதில்லை என்று வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கூலண்டின் வேலை உறையாமல் காப்பது மட்டுமா? அரிப்பைத் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அலுமினிய ஹெட் அரித்துப்போகும்.

இன்னொன்று, எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 1991 வரை வந்த இந்தக் காரின் முற்கால எஞ்சின்களில் கிராங்கின் மூக்கு (முன்முனை) குட்டை. போல்ட் தளர்ந்து, பல்சக்கரத்தை நிறுத்திவைக்கும் சாவிப்பள்ளம் சிதையும். அது வடிவமைப்புக் குறை, நம் சொல்லுக்குள் வராது.

– பினாங்கிலிருந்து

---

தடை நியாயமானது, அம்மா. ஆனால் கிடப்பில் போடப்பட்டது கார் இல்லை, வேலை. வரையறையிலேயே அதை எழுதிவிடலாம். செய்யாமல் விட்ட வேலைகளின் பட்டியலுக்கு ‘நிலுவைப் பணி’ என்று தனிச்சொல் வைப்போம். வாடகை நிலுவை போலத்தான், எல்லாருக்கும் புரியும். நிலுவைப் பணியைச் செய்யாததால் விளைவது கிடப்புப் பழுது.

நிலுவையைத் தீர்ப்பதில் பிரேக்கும் டயரும் முதலில் வர வேண்டும், எஞ்சின் பிறகு. டாட் 4 தர பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அந்த அளவுகோல் 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கெந்திங் மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் எண்ணெய் கொதித்து, குழாயில் ஆவி நிறைந்து, பெடல் தரைவரை போய்விடும். இதை ‘ஆவியடைப்பு’ எனலாமா என்று தனி இழையில் பேசுவோம். டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் பக்கச்சுவரின் கடைசி நான்கு எண்ணைப் படிக்கவும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

அகராதிப் பதிவு இப்படி இருக்கட்டும்:

கிடப்புப் பழுது (பெ.): உரிய காலத்தில் செய்ய வேண்டிய பராமரிப்பைச் செய்யாததால், ஓடிய தூரத்தைப் பொருட்படுத்தாமல் வரும் பழுது. எ-டு: ‘மீட்டரில் 60,000தான், பிரேக் ஹோஸில் கிடப்புப் பழுது, நான்கையும் மாற்றவும்.’